களத்துமேட்டுக்கு வாருங்கள், செல்போனைப் பற்றிப் பேசுவோம்!



உரம் வாங்கப் போனால் கைரேகை வை என்கிறார்கள். நெல் விற்கப் போனால் ஆன்லைனில் பதிந்தாயா என்கிறார்கள். மானியம் கேட்டால் ஆப் இறக்கு என்கிறார்கள். உதவித்தொகை ஏன் வரலை என்று கேட்டால், ஓ.டி.பி. வந்ததா, அதைச் சொல்லு என்கிறார்கள். இருபது வருஷமாக பட்டன் போனில் "அலோ" மட்டும் சொல்லிப் பழகிய மனுஷன் என்ன செய்வான்? பேரனைத் தேடி ஓடுகிறான். பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பட்டம் கட்டுகிறார்கள்: விவசாயி மாற மாட்டான், புதுசு என்றாலே பயப்படுவான், படிப்பறிவு இல்லாதவன். ஏசி அறையில் கூட்டம் போட்டு இதைப் பேசுகிற பெரியவர்களுக்கு நாங்கள் ஒன்று கேட்கிறோம். கவலை இறைத்த கிணற்றில் ஆயில் எஞ்சினை இறக்கியது யார்? அதைத் தூக்கி வைத்துவிட்டு கரண்ட் மோட்டார் போட்டது யார்? அறுவடை மெஷினை வயலில் விட்டது யார்? எந்த உத்தரவு வந்து நாங்கள் செய்தோம்? பக்கத்து வயல்காரன் செய்தான், பார்த்தோம், கணக்குப் போட்டோம், கடன் வாங்கியாவது செய்தோம். அவ்வளவுதான்.

ரேடியோ நெல் கதை தெரியுமா?

1960-களில் தஞ்சை மாவட்டத்துக்கு ஏ.டி.டி. 27 என்ற குறுகியகால நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியது. நம் தாத்தாமார்கள் அந்த நெல்லுக்கு வைத்த பேரே "ரேடியோ நெல்". அப்போது ரேடியோவும் புதுக் கருவிதான். ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம். பஞ்சாயத்துக் கட்டடத்திலோ டீக்கடையிலோ பத்துப் பேர் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டதை வைத்து அங்கேயே சண்டையும் போட்டார்கள். "நீ அரை மா போட்டுப் பாரு, வந்தா நாங்க போடுறோம்" என்று ஒருத்தன் தலையில் கட்டினார்கள். அவன் வயலில் விளைந்த பிறகு ஊரே விதை கேட்டு வந்தது. ரேடியோ கேட்காதவனுக்கு விதை இல்லை என்று அன்றைக்கு எந்த அதிகாரியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த நெல் ரேடியோவோடு நின்றிருக்கும்.

விவசாயிகள் என்கிறவர்கள் ஒரே கூரைக்குள் வேலை பார்க்கும் கூட்டம் இல்லை. ஒரு தாலுகாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு முப்பது கிலோமீட்டர். ஆற்றுப் பாசனம் ஒரு பக்கம், ஏரிப் பாசனம் ஒரு பக்கம், மானாவாரி இன்னொரு பக்கம். ஒரே தொழில், நூறு விதமான மண். இப்படிச் சிதறிக் கிடக்கிறவர்கள் ஒருத்தரிடம் ஒருத்தர் கற்றுக்கொள்ள தலைமுறை தலைமுறையாக வழி வைத்திருக்கிறார்கள். சந்தை ஒரு வழி. சம்பந்தி வீடு ஒரு வழி. மாட்டுத்தாவணி, திருவிழா, டீக்கடை, நடவாட்கள் ஊர்விட்டு ஊர் போவது எல்லாமே வழிதான். புதுக் கருவி எதுவானாலும் இந்த வழியில் வந்தால் நிற்கும். இந்த வழியை மூடிவிட்டு வந்தால் நிற்காது. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நடந்ததைத் திரும்பிப் பார்த்தாலே போதும்.

ஒற்றை நாற்று சொன்ன பாடம்

மடகாஸ்கர் தீவில் லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார், அங்குள்ள நெல் விவசாயிகளோடு பல வருஷம் பழகி, 1980-களில் கண்ட முறைதான் நம் ஊருக்கு ஒற்றை நாற்று நடவு என்று வந்தது. 2003-04-ல் வேளாண் பல்கலைக்கழகம் காவிரிப் பாசனத்திலும் தாமிரபரணிப் பாசனத்திலும் விவசாயிகள் வயலிலேயே போட்டுப் பார்த்தது. பதினாலு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுரமாக இடைவெளி, பத்து நாளுக்கு ஒருமுறை கோனோ வீடர் ஓட்டிக் களையை மண்ணுக்குள்ளேயே அமுக்குவது. முறை நல்ல முறை, அதில் தகராறு இல்லை.

ஆனால் கருவி? கோனோ வீடர் கனம். நம் களிமண்ணில் சேறு அப்பிக்கொண்டால் முன்னும் பின்னும் அசையாது. காலம் காலமாகக் களை எடுத்தவர்கள் பெண்கள். இடுப்பு கழண்டு போச்சு என்று சொன்னவர்களும் அவர்கள்தான். சில ஊரில் என்ன செய்தார்கள்? ஊர்ப் பட்டறையில் கொடுத்து கனத்தைக் குறைத்தார்கள், கைப்பிடி உயரத்தை மாற்றினார்கள். கயிறு பிடித்து நட நேரமாகிறது என்று கம்பியில் உருளை மார்க்கர் செய்து இழுத்தார்கள். அங்கே முறை நின்றது. சில ஊரில் ஏக்கர் கணக்கு காட்டவேண்டுமே என்று வீடரைக் கொடுத்து, போட்டோ எடுத்து, போர்டு நட்டுப் போனார்கள். அங்கே அடுத்த போகத்துக்கு வீடர் கோழி அடையும் மூலையில் கிடந்தது. ஒரே கருவி, ஒரே மானியம். ஒரு ஊரில் ஜனங்கள் அதை வெட்டி ஒட்ட விட்டார்கள், இன்னொரு ஊரில் விடவில்லை.

நல்லவாட்டில் ஒலிபெருக்கி பேசியது

கம்ப்யூட்டரே வேண்டாம் என்பவர்கள் இல்லை நாங்கள். கம்ப்யூட்டர் உயிரைக் காப்பாற்றிய ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் வில்லியனூரை நடுவாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. போன் லைன் சரியில்லாத காலம். வயர்லெஸ் மூலம் ஊருக்கு ஊர் செய்தி அனுப்பினார்கள். கரண்டை நம்பாமல் சோலார் வைத்தார்கள். முதலில் ஊர் ஊராகப் போய் உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று கேட்டார்கள். இடம் ஊர் கொடுக்கவேண்டும், நடத்துகிறவர்கள் ஊர்க்காரர்களாக இருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். விவசாய ஊரில் விலையும் விதையும் கேட்டார்கள். மீனவர் ஊரில் அலை எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தில் இருந்த அலைக் கணக்கை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கவனியுங்கள்: மீனவருக்குக் கம்ப்யூட்டர் தெரியவேண்டிய அவசியமே இல்லை. காது இருந்தால் போதும்.

2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் சுனாமிச் செய்தியை அறிந்து ஊருக்குப் போன் போட்டார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஜனங்கள் கரையைவிட்டு ஓடினார்கள். ஊர் தப்பியது. அந்த ஒலிபெருக்கி அன்றைக்குப் புதிதாக முளைத்ததா? இல்லை. நித்தம் அலை உயரம் சொன்ன குரல் அது. பழகிய குரல் சொன்னதால்தான் நம்பி ஓடினார்கள்.

விதைத் திருவிழாவையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. நெல் ஜெயராமன் அவர்கள் திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவில் கணக்கு ரொம்ப எளிது: இரண்டு கிலோ பாரம்பரிய நெல் வாங்கிப் போ, அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடு. பாஸ்வேர்டும் இல்லை, படிவமும் இல்லை. எங்கெங்கோ இருந்த விவசாயிகள் அந்த இரண்டு கிலோவால் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் ஆனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நெல் ரகங்கள் திரும்பவும் வயலுக்கு வந்தன.

வாட்ஸ்அப்பை நாமாகத்தானே எடுத்தோம்!

2018-ல் கர்நாடகத்தில் தென்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அந்த வருஷமே நம் மக்காச்சோளத்தில் இறங்கி குருத்தைத் தின்றது. ஊருக்கு ஊர் புது நோவு. இது பழைய புழுவா, புதுப் புழுவா என்று யாருக்கும் தெரியாது. அப்போது செல்போன் வைத்திருந்த இளவட்டங்கள் புழுவைப் படம் பிடித்து குரூப்பில் போட்டார்கள். தலையில் தலைகீழ் ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி இருந்தால் அதுதான் என்று பதில் வந்தது. நாற்பது மைல் தள்ளி இருக்கிறவன் சாம்பலும் மணலும் குருத்தில் போட்டதைச் சொன்னான். இன்னொருத்தன் அது கேட்கலை என்றான். எழுதத் தெரியாத அக்காமார்கள் குரல் பதிவில் பேசினார்கள். எந்தத் துறையும் பயிற்சி கொடுக்கவில்லை, எந்த அமைச்சரும் தொடங்கி வைக்கவில்லை.

அதிலும் கெடுதல் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. விவசாயி பேரில் மருந்துக் கடைக்காரர்கள் குரூப்புக்குள் நுழைகிறார்கள். புழுப் படம் போட்ட இரண்டாவது நிமிஷத்தில் டானிக் விளம்பரம் வருகிறது. ஏக்கருக்கு எவ்வளவு, டேங்குக்கு எவ்வளவு என்று தெரியாமல் அளவு மாற்றி அனுப்புகிறார்கள். இங்கேதான் அரசாங்கத்துக்கு வேலை இருக்கிறது! உதவி வேளாண்மை அலுவலரோ, ஆராய்ச்சி நிலையத்து பூச்சியியல்காரரோ இந்த குரூப்பில் உட்கார்ந்து, தப்பு வந்தால் தப்பு என்று சொன்னால் போதும். நாங்கள் கூடியிருக்கிற இடத்துக்கு அவர்கள் வரட்டுமே! அதை விட்டுவிட்டு, அவர்கள் கட்டின இடத்துக்கு எங்களை வரச்சொல்கிறார்கள். 2018-ல் வந்த உழவன் ஆப்பில் உபயோகமான விஷயங்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையில் ஆப் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி வயலுக்கு வருகிற அதிகாரியைக் குறைத்தால் அது என்ன நியாயம்? 2004-ல் மத்திய அரசு கொண்டுவந்த கிசான் கால் சென்டருக்கு (1800-180-1551) பேசத் தெரிந்தால் போதும், எந்தப் போனிலிருந்தும் கூப்பிடலாம். அந்தப் புத்தி பிற்பாடு ஏன் மழுங்கிப் போச்சு?

கருவி பூட்டாக மாறிய கதை

பி.எம். கிசான் திட்டத்தை எடுங்கள். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2019-ல் தொடங்கினார்கள். ஆன்லைனில் யாரும் பதியலாம் என்று திறந்தார்கள். 2020-ல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? அதிகாரிகளுக்குக் கொடுத்த பாஸ்வேர்டு வெளியாட்கள் கைக்குப் போய், நிலமே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டு, நூறு கோடி ரூபாய்க்கு மேல் போனது. சி.பி.சி.ஐ.டி. வழக்கு வந்தது. திருடினது புரோக்கர். தண்டனை யாருக்கு? அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு சோதனையும் உண்மையான விவசாயி தலையில். 2022-ல் இ-கே.ஒய்.சி. கட்டாயம் என்றார்கள். மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்கவில்லை. ஆதாரில் இருக்கும் போன் நம்பர் எப்போதோ செத்துப்போன நம்பர். முகத்தைக் காட்டு என்று 2023-ல் ஆப் கொடுத்தார்கள். அதற்கு ஸ்மார்ட் போன் வேண்டும். இ-சேவை மையத்துக்கு பஸ் ஏறிப் போய், சர்வர் இல்லை என்று திரும்பி வந்த நாளைக்குக் கூலி யார் கொடுப்பது?

கொள்முதல் நிலையத்தைப் பாருங்கள். 2021-22 சம்பா காலத்தில் நெல் விற்க ஆன்லைனில் முன்பதிவு செய்து தேதி வாங்கவேண்டும் என்றார்கள். டெல்டா முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. ஏன்? அறுவடை மெஷின் எந்த நாள் வயலில் இறங்கும் என்று விவசாயிக்கே தெரியாது. மெஷின்காரர் போன் போட்டு, இன்னைக்கு ராத்திரி வர்றேன், வேணுமா வேணாமா என்று கேட்பார். வானம் கறுத்தால் இரண்டு நாள் முன்னால் அறுப்போம். கம்ப்யூட்டரோ பதினைந்தாம் தேதி வா என்கிறது. அதுவரை ரோட்டோரம் குவித்து, தார்ப்பாய் போட்டு, பனியில் காவல் காக்கவேண்டும். ஈரப்பதம் 17 சதத்துக்கு மேலே போனால் மூட்டை திரும்பும். வரிசையில் புரோக்கர் நுழைவதைத் தடுக்கத்தான் ஆன்லைன் என்று சொன்னார்கள். நோக்கம் சரி. ஆனால் அறுவடை எப்படி நடக்கிறது என்று களத்தில் நின்று பார்த்தவர் யாராவது அந்த ஏற்பாட்டைச் செய்திருப்பாரா? நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர், எங்கே என்று இங்கே எழுதவில்லை, தேதி கிடைக்காமல் ஒன்பது நாள் நெல்லோடு படுத்துக்கிடந்து கடைசியில் வியாபாரிக்கு வந்த விலைக்கு அளந்தார். புரோக்கரை ஒழிக்க வந்த கருவி அவரை புரோக்கரிடமே கொண்டுபோய் விட்டது!

இப்போது அடுத்தது வந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண்மை இயக்கம் அறிவித்தது. விவசாயிக்கு ஒரு தனி அடையாள எண், ஒவ்வொரு வயலுக்கும் செல்போனில் பயிர்க் கணக்கு. அந்த வருஷம் நவம்பரில் பயிர்க் கணக்கு எடுக்க வேளாண் கல்லூரி மாணவர்களை அனுப்பினார்கள். ஆளும் வசதியும் இல்லாமல் எங்களால் ஆகாது என்று வி.ஏ.ஓ.க்களே மறுத்த வேலை அது. படிக்கிற பிள்ளைகளைத் தெரியாத ஊரில் வரப்பில் இறக்கிவிட்டார்கள். பிறகு 2025-ல் அடையாள எண்ணுக்கு ஊர் ஊராக முகாம்.

எண் கொடுப்பதில் தப்பில்லை. யாருக்குக் கொடுக்கிறாய் என்பதுதான் கேள்வி. பட்டாவை வைத்துத்தான் எண். பட்டா செத்துப்போன அப்பா பேரில் இருக்கிறது. கூட்டுப்பட்டாவில் ஏழு பேர் இருக்கிறார்கள், இரண்டு பேர் எங்கே என்றே தெரியாது. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் உழுகிற குத்தகைதாரருக்கு பட்டாவே கிடையாது. குத்தகைதாரரைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாச்சு. அந்தப் பதிவேட்டை ஒழுங்காக எழுதாமல் கிடப்பில் போட்டவர்கள், இப்போது கம்ப்யூட்டரில் உன் பேர் இல்லை என்கிறார்கள். புருஷன் வெளியூர் போய்விட, நடவிலிருந்து கதிரடிப்பு வரை தனியாகப் பார்க்கிற பெண்ணைக் கேட்டால் அவள் விவசாயி. கம்ப்யூட்டரைக் கேட்டால் அவள் யாருமில்லை. ஏட்டில் இருந்த அநியாயத்தைத் துடைக்காமல் அப்படியே மெஷினில் ஏற்றினால், நாளைக்கு வெள்ள நிவாரணமும் பயிர்க்கடனும் கேட்கும்போது அந்த அநியாயத்துக்குப் பேர் "சிஸ்டம்". சிஸ்டத்திடம் யார் போய் முறையிடுவது? பழைய வி.ஏ.ஓ.விடமாவது சண்டை போடலாம்!

எங்கள் கோரிக்கை என்ன?

எந்தப் புதுக் கருவியும் முதலில் ஒரு முழுப் போகம் நாலைந்து ஊரில் ஓடட்டும். ஆற்றுப் பாசனம், கிணற்றுப் பாசனம், மானாவாரி, மலை ஊர் எல்லாம் அதில் இருக்கவேண்டும். டவர் கிடைக்காத ஊர் கட்டாயம் இருக்கவேண்டும். அந்த ஊர்க்காரர்கள் கிராமசபையில் குறை சொல்லி, அதைத் திருத்திய பிறகு அடுத்த ஊருக்குப் போகட்டும். திருத்த முடியாது, மென்பொருள் டெல்லியில் செய்தது என்கிற பேச்சு வேண்டாம். ஊர்ப் பட்டறைக்காரன் கோனோ வீடரைத் திருத்தினான். உங்கள் என்ஜினீயர்களால் ஒரு கட்டத்தைத் திருத்த முடியாதா?

ஒவ்வொரு ஊரிலும் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வேலையில்லாமல். ஊருக்கு ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் கிராமசபை தேர்ந்தெடுக்கட்டும். பயிற்சியும் சம்பளமும் அரசாங்கம் கொடுக்கட்டும். ஆப்பில் பதிவது, திருத்துவது, ரசீது கொடுப்பது அவர்கள் வேலை. ஒருநாள் முகாம் போட்டு, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு "பயிற்சி முடிந்தது" என்று எழுதுவதை நிறுத்துங்கள்.

கருவி வேலை செய்யாவிட்டால் காகிதம் செல்லவேண்டும். கைரேகை விழவில்லை, சர்வர் இல்லை, போன் இல்லை என்ற காரணத்தால் ஒரு மூட்டை நெல்லோ, ஒரு தவணைப் பணமோ, ஒரு மூட்டை யூரியாவோ மறுக்கப்படக் கூடாது. மறுத்தால் மறுத்தவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். குத்தகைதாரருக்கும், சாகுபடி செய்யும் பெண்களுக்கும் பட்டா இல்லாமலே அடையாள எண் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் 1969 சட்டத்தின்படி குத்தகைப் பதிவேட்டை ஊரில் வைத்து, எல்லாரும் பார்க்க எழுதவேண்டும். எங்கள் வயல், எங்கள் பயிர், எங்கள் கடன் பற்றித் திரட்டும் விவரத்தை எந்தக் கம்பெனிக்குக் கொடுக்கிறீர்கள் என்று கிராமசபையில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

விவசாயிகளே! மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாலு பேர் எழுந்து பேசினால் மைக்கைப் பிடுங்குவார்கள். நானூறு பேர் வாசலில் நின்றால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். வரும் கூட்டத்துக்கு ஊர்தோறும் வேன் வைக்கிறோம். பதிவு ரத்து என்று வந்த எஸ்.எம்.எஸ்., திருப்பி அனுப்பிய மனு, இ-சேவை மையத்து ரசீது எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். அன்றைக்கே மனுவோடு சேர்த்து எண் போட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கித் தருகிறோம். குத்தகை விவசாயிகள் நெல் அளந்த ரசீதைக் கொண்டு வாருங்கள். நடவு வேலை இருந்தால் வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள்.

காலை 10 மணி. கலெக்டர் அலுவலக வாசல். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கட்டாயம் அதைக் கையில் எடுத்து வரவேண்டும். எல்லாரும் சேர்ந்து உயர்த்திப் பிடித்து, இதில் உங்கள் ஆப்பை இறக்கிக் காட்டுங்கள் என்று கேட்போம்.

திரண்டு வாரீர்! திரண்டு வாரீர்!